இலண்டன் புகையும் மாந்தர் மூச்சும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாட்டை ஆண்ட மன்னரையும், அவர் ஆற்றிய போர்களையும், மக்கள் போராடிப் பெற்ற உரிமைகளையும் விரித்துரைப்பர். மக்கள் உண்ட உணவையும் உடுத்த உடையையும் ஆராய்வோரும் உளர். ஆயின், அம்மக்கள் இடையறாது உள்வாங்கிய காற்று எத்தன்மையதாயிருந்தது என்னும் வினா வரலாற்று நூல்களில் அரிதாகவே எழுகின்றது. வளர்ந்த மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 இலீற்றர் காற்றை உட்கொள்கின்றான். உணவைத் தெரிந்து உண்ணலாம். நீரைக் காய்ச்சிப் பருகலாம். காற்றையோ தெரிந்தெடுத்தல் ஒருவனுக்கு இயலாது. தான் வாழும் ஊரில் எக்காற்று வீசுகின்றதோ அக்காற்றையே அவன் உயிர்த்தல் வேண்டும். ஆதலின், காற்று மாசுறுதல் தனியொருவன் தன் முயற்சியால் தீர்த்துக்கொள்ளத்தக்க குறையன்று. சமுதாயமும் அரசும் ஒருங்கே பொறுப்பேற்கவேண்டிய குறையாகும்.

இவ்வுண்மையை விளக்குதற்கு இலண்டன் மாநகரின் வரலாறு மிகவும் ஏற்றது. இங்கிலாந்து மக்கள் புகையைப்பற்றி முறையிடத் தொடங்கியது பதின்மூன்றாம் நூற்றாண்டிலாகும். புகையைத் தடுக்கும் வலிமையுள்ள சட்டமோ 1956ஆம் ஆண்டிலேயே பிறந்தது. புகை நெஞ்சுக்குப் பகை என்பதை மக்களின் மூக்கும் தொண்டையும் ஆதியிலேயே உணர்த்திவிட்டன. அவ்வாறிருக்கவும், அறிவு முந்தியும் செயல் எழுநூறு ஆண்டு பிந்தியும் நின்றதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடற்கரியின் வருகை

பண்டை இலண்டன் மக்கள் குளிர்காய்தற்கும் சமைத்தற்கும் விறகையே பயன்படுத்தினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்திலுள்ள நியூகாசில் துறையிலிருந்து கப்பல்கள் நிலக்கரியைக் கொணர்ந்தன. 'கடற்கரி' எனப் பெயர் பெற்ற இந்நிலக்கரியைச் சுண்ணாம்புக் காளவாய்க்காரரும் கொல்லரும் விரும்பி வாங்கினர். விறகுப் புகையைப் போலன்றி, இதன் புகை கந்தகம் செறிந்து, மூக்கை அரித்து, இருமலை விளைத்தது. 1257ஆம் ஆண்டில் மூன்றாம் ஹென்றி மன்னனின் தேவியாகிய எலினோர், நொற்றிங்காம் நகரில் தங்கியிருந்தபொழுது நிலக்கரிப் புகையைப் பொறுக்கலாற்றாது அந்நகரை விட்டு நீங்கினாள். 1285ஆம் ஆண்டில் இலண்டன் காளவாய்களின் புகையை ஆராய அரசு ஒரு குழுவை நியமித்தது. 1306ஆம் ஆண்டளவில் முதலாம் எட்வேட் மன்னன் கடற்கரியை எரித்தலாகாது என ஆணை பிறப்பித்தான்.

அரசாணை பிறந்தது; புகை நிற்கவில்லை. விறகுக்குத் தட்டுப்பாடு மிகுந்து விலை ஏற ஏற, விலை குறைந்த நிலக்கரியை மக்கள் நாடினர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், எலிசபெத்து அரசியின் காலத்தில், காளவாயிலும் உலைக்களத்திலும் எரிந்த கரி வீடுகளின் கணப்படுப்புக்களுள்ளும் புகுந்தது. கூரைகள் தோறும் புகைபோக்கிகள் எழுந்தன. ஒரு சிலர் செய்த குற்றமாக இருந்த புகை ஊரார் அனைவரதும் வழக்கமாக மாறியது. ஒரு தீங்கு சிலர்க்கே உரியதாயின் அதனைத் தண்டித்தல் எளிது. எல்லார்க்கும் பொதுவாய்விடின் அதனைத் தீங்கெனக் கூறுவோனே ஊர்க்குப் பகைவனாகத் தோன்றுவான். புகையின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இம்மாற்றமே அடிப்படையாயிற்று.

ஈவிலினும் கிரான்ரும்

பதினேழாம் நூற்றாண்டில் இப்புகையைப்பற்றி ஆராய்ந்து எழுதியோருள் தலைசிறந்தவர் யோன் ஈவிலின் என்பவர். 1661ஆம் ஆண்டில் அவர் 'பியூமிபியூசியம்' என்னும் சிறு நூலொன்றை எழுதி இரண்டாம் சாள்ஸ் மன்னனுக்குப் படைத்தார். அரண்மனையினுள்ளும் புகுந்த புகை, கட்டடங்களின் கல்லை அரித்தலையும், துணிகளைக் கறைப்படுத்தலையும், மரஞ்செடிகளைக் கருகச் செய்தலையும் அவர் எடுத்துக் காட்டினார். அவற்றினும் மேலாக, அப்புகை நுரையீரலைக் கெடுத்து இருமலையும் சளியையும் சயரோகத்தையும் பெருக்குகின்றது எனவும், இலண்டனில் இறப்போருள் ஏறக்குறையப் பாதிப்பேர் நெஞ்சுநோயினாலேயே மாள்கின்றனர் எனவும் உரைத்தார். இலண்டன் தேவாலயங்களில் ஓயாது எழுந்த இருமலொலியையும் அவர் சான்றாகக் காட்டினார். காளவாய்க்காரர், சாயத்தொழிலாளர், சவர்க்காரம் காய்ச்சுவோர் முதலியோரை நகருக்குக் கிழக்கே அகற்றிவிட்டு, நகரைச் சூழ நறுமணச் செடிகளை நடுதல் வேண்டும் என்பது அவர் கூறிய பரிகாரமாகும்.

அடுத்த ஆண்டாகிய 1662இல் யோன் கிரான்ரு என்னும் வணிகர் பிறிதொரு வழியால் அதே முடிவை அணுகினார். இலண்டன் கோயிற்பற்றுக்கள் கிழமைதோறும் வெளியிட்டுவந்த இறப்புப் பட்டியல்களை அவர் ஒருங்கு திரட்டிக் கணக்கிட்டார். நகரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளினும் அடக்கம் செய்யப்பட்டோர் தொகையே மிகுதி என்பதும், நாட்டுப்புறத்திலிருந்து வந்து சேர்வோராலேயே நகரின் சனத்தொகை குறையாது நிற்கின்றது என்பதும் அக்கணக்கால் வெளிப்பட்டன. நகர வாழ்வு உடல்நலத்துக்கு ஒவ்வாமைக்குரிய காரணங்களுள் நிலக்கரிப் புகையையும் அவர் ஒன்றாகக் கூறினார்.

இவ்விருவரும் உண்மையின் வாயிலை அடைந்தனரேயன்றி உள்ளே புகுந்திலர். கிரான்ரு கையாண்ட பட்டியல்கள் இறந்தோரை எண்ணினவேயன்றி, உயிரோடிருந்தோரின் மூச்சு எவ்வளவு குன்றியது என்பதைக் காட்டவில்லை. ஈவிலினோ தொழிற்சாலைகள்மீது பழியைச் சுமத்தி, வீட்டு அடுப்புக்களைக் குற்றமற்றவை என விடுவித்தார். மன்னன் நூலை மெச்சினான். அதற்குமேல் பயனுள்ள செயலெதுவும் நிகழவில்லை.

சட்டங்களும் அவற்றின் ஓட்டைகளும்

கைத்தொழிற் புரட்சி ஏற்பட்டபின் நீராவி எந்திரங்களும் இருப்புப்பாதைகளும் பெருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் உலகின் மிகப் பெரிய நகராயிற்று. மாரிகாலத்தில் தேம்சு நதிப் பள்ளத்தாக்கில் இயற்கையாகத் தோன்றும் மூடுபனி, இலட்சக்கணக்கான அடுப்புக்களின் கரியோடு கலந்து மஞ்சள் நிறமுற்றது. ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் அதனைத் தம் நூலிற் சித்திரித்தார். பிரான்சிய ஓவியர் மொனே அதன் நிறங்களை விரும்பி வந்து தீட்டினார். மக்கள் அதனை இலண்டனுக்கே உரிய ஓர் அழகாகவும், இயற்கை தந்த தொல்லையாகவும் கொண்டனரேயன்றி, மனிதர் கையால் விளைந்த கேடாகக் கொள்ளவில்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. பாமர்ஸ்தன் பிரபு உள்நாட்டமைச்சராயிருந்த காலத்தில், 1853ஆம் ஆண்டில், இலண்டனுக்குரிய புகைத் தடைச் சட்டம் நிறைவேறியது. 1875ஆம் ஆண்டிலும் 1891ஆம் ஆண்டிலும் பொதுச் சுகாதாரச் சட்டங்கள் புகையைப்பற்றி விதிகளை வகுத்தன. எனினும், அவற்றுள் இரு பெரும் ஓட்டைகள் இருந்தன. 'கரும்புகை' வெளிவிடுதலே குற்றம் எனச் சட்டம் கூறியமையால், தமது புகை கருமையன்று, கபில நிறமே என வழக்காடித் தப்புதற்கு ஆலைச் சொந்தக்காரர்க்கு வழியிருந்தது. வீட்டுக் கணப்படுப்புக்களோ சட்டத்தின் எல்லைக்கு முற்றும் அப்பாற்பட்டு நின்றன. ஆங்கிலேயனுக்குத் தன் வீட்டுக் கணப்பு, குடும்பம் கூடியிருக்கும் புனிதமான இடம். அதன்மேற் கைவைக்க எந்த அரசியல்வாதியும் துணியவில்லை.

இதனிடையே எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1873ஆம் ஆண்டு டிசெம்பரில் இலண்டனைக் கடும் மூடுபனி கவிந்தபொழுது, இசிலிங்ரன் பகுதியில் நடைபெற்ற கால்நடைக் காட்சிக்குக் கொணரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறி வீழ்ந்தன. 1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோன்றிய மூடுபனி பலரைக் கொன்றது. அவ்வாண்டில் ரொலோ றசல் என்பவர் இலண்டன் மூடுபனியைப்பற்றி நூலொன்று எழுதி, ஈவிலின் விடுவித்த வீட்டடுப்பே முதற் குற்றவாளி என நிறுவினார். 1905ஆம் ஆண்டில் டெவோ என்னும் வைத்தியர் புகை, மூடுபனி என்னும் பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களை இணைத்து 'ஸ்மொக்' என்னும் புதுச் சொல்லை வழக்குக்குக் கொணர்ந்தார். இச்சொல்லின் பயன் சிறிதன்று. மூடுபனி எனும்பொழுது இயற்கையின்மீது சுமந்த பழி, புகைப்பனி எனும்பொழுது மனிதன்மீது சுமந்தது.

மூச்சை அளந்த கருவி

நோயுற்றோரின் மார்பில் வைத்தியர் செவி வைத்துக் கேட்டு நுரையீரலின் நிலையை உய்த்துணர்ந்த காலத்தில், அதனை எண்ணால் அளக்கத் துணிந்தவர் யோன் ஹச்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியராவர். 1846ஆம் ஆண்டில் அவர் 'சுவாசமானி' என்னும் கருவியைப்பற்றிய ஆய்வை வெளியிட்டார். நீரினுள் கவிழ்த்து வைக்கப்பட்ட கலமொன்று, எதிர்நிறைகளால் தாங்கப்பட்டுத் தொங்கும். ஒருவன் இயன்றமட்டும் மூச்சை உள்ளிழுத்துப் பின் குழாய்வழியாக முழுவதும் ஊதிவிடின், அவன் ஊதிய காற்று புக்க அளவுக்குக் கலம் உயரும். அவ்வளவை அவர் 'உயிர்க் கொள்ளளவு' என வழங்கினார்.

மாலுமிகள், காவலர், தீயணைப்போர், அச்சுத் தொழிலாளர், மற்போர் வீரர், அறச்சாலையில் வாழ்ந்த வறியோர், செல்வர் என இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்டோரை அவர் அளந்தார். ஓர் அங்குல உயரம் கூடுந்தோறும் ஏறக்குறைய எட்டுக் கன அங்குலக் கொள்ளளவு கூடுகின்றது எனவும், முதுமையில் அது குறைகின்றது எனவும், நுரையீரல் நோயுற்றோரிடத்துப் பிற குறிகள் தோன்றுமுன்னரே அது குன்றுகின்றது எனவும் கண்டார். ஆயுட் காப்புறுதி செய்வோரைச் சோதிக்க அக்கருவி உதவும் என்பது அவர் கருத்தாகும். ஒரு நகரத்தின் காற்றையே அதனாற் சோதிக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெற மேலும் ஒரு நூற்றாண்டு கழிந்தது.

அவ்வளவை மட்டும் கொண்டு எல்லா நோயையும் அறிதல் இயலாது. குழாய்கள் ஒடுங்கிய ஒருவன் நெடுநேரம் ஊதிக் காற்று முழுவதையும் வெளிவிடக்கூடும். ஆகவே, 1947ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் திபனோவும் பினெல்லியும், முதல் ஒரு செக்கனில் வெளிவரும் காற்றின் அளவைத் தனியே அளத்தல் வேண்டும் என்றனர். நலமுள்ள இளைஞன் தன் கொள்ளளவின் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட காற்றை முதற் செக்கனிலேயே வெளிவிடுவான். மூச்சுக்குழாய் ஒடுங்கியவனால் அது முடியாது. இவ்விரு அளவுகளும், அவற்றிடையேயுள்ள விகிதமுமே இன்றும் நுரையீரலின் ஆற்றலை மதிப்பிடும் முதன்மையான அளவைகளாக விளங்குகின்றன.

1952ஆம் ஆண்டு டிசெம்பர்

இருபதாம் நூற்றாண்டில் இருமுறை உலகம் எச்சரிக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டு டிசெம்பரில் பெல்சிய நாட்டின் மியூசு நதிப் பள்ளத்தாக்கில், ஆலைப்புகை மேலெழமாட்டாது தேங்கியதால் அறுபதுக்கு மேற்பட்டோர் சில நாட்களுள் இறந்தனர். அதனை ஆராய்ந்த பேர்க்கே என்னும் அறிஞர், அத்தகைய நிகழ்ச்சி இலண்டனில் ஏற்படின் 3,200 பேர் இறக்கக்கூடும் எனக் கணித்தார். 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்திலுள்ள டொனோரா என்னும் சிற்றூரில் இருபது பேர் மாண்டனர்; 14,000 மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் நோயுற்றனர். இவ்விரண்டையும் தூரத்துச் செய்தியாகவே இலண்டன் கொண்டது.

1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் நாள் வெள்ளிக்கிழமை, கடுங்குளிரும் காற்றசைவின்மையும் இலண்டனைச் சூழ்ந்தன. சாதாரணமாக நிலமருகே வெப்பமும் மேலே குளிர்ச்சியும் இருத்தலால் புகை மேலெழுந்து கலைந்துவிடும். அன்றோ மேலே வெப்பமான காற்றுப் படையொன்று மூடிபோல் நின்றது. கீழே குளிர்ந்த காற்று அசையாது கிடந்தது. போருக்குப் பிந்திய பொருள் நெருக்கடியால் நல்ல கரி பங்கீட்டு முறையிலேயே வழங்கப்பட்டது. தூள் மிகுந்த தாழ்தரக் கரியை மட்டும் கட்டுப்பாடின்றி வாங்க அரசு இடங்கொடுத்திருந்தது. குளிர் மிக மிக மக்கள் மேன்மேலும் கரியை எரித்தனர். நாளொன்றுக்கு 1,000 தொன் புகைத்துகள் வெளிப்பட்டது. 370 தொன் கந்தகவீரொட்சைட்டு பனித்துளிகளிற் கரைந்து 800 தொன் கந்தகவமிலமாக மாறியது என்பது கணிப்பு.

பகலிலும் தெருவிளக்குகள் எரிந்தன. சில இடங்களில் நடப்போர் தம் பாதங்களையே காணாராயினர். பேருந்துகள் நின்றன, நோயாளரை ஏற்றும் வண்டிகள் வழியறியாது தவித்தன. 8ஆம் நாள் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள்ளே புகைப்பனி புகுந்து நடிகரை மறைத்ததால், இசைநாடகம் இடையில் நிறுத்தப்பட்டது. கால்நடைக் காட்சிக்கு வந்த மாடுகள் 1873ஆம் ஆண்டிற்போல் மீண்டும் மூச்சுத் திணறின. 9ஆம் நாள் காற்று வீசியபின்னரே நகர் தெளிந்தது.

அந்நாட்களில் இத்துணைப் பேர் இறக்கின்றனர் என்பதைப் பலர் உணரவில்லை. முதியோரும், நெஞ்சுநோயுற்றோரும், பச்சிளங் குழந்தைகளும் தத்தம் வீடுகளிலும் வைத்தியசாலைகளிலும் ஒருவரை ஒருவர் அறியாது இறந்தனர். பிரேதப் பெட்டிகளுக்கும் மலர்வளையங்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபின்னரே செய்தி பரவியது. இறப்புப் பதிவுகளைத் தொகுத்தபொழுது, வழக்கத்துக்கு மேலாக ஏறக்குறைய 4,000 பேர் இறந்தமை புலனாயிற்று. சுவாசக்குழாயழற்சியாலும் நியூமோனியாவாலும் நேர்ந்த இறப்புக்கள் ஏழு மடங்குக்கு மேலாகப் பெருகியிருந்தன. பேர்க்கேயின் கணிப்பை உண்மை விஞ்சியது. அதன்பின் வந்த வாரங்களிலும் இறப்பு உயர்ந்தே நின்றது. அதனை இன்புளுவென்சாக் காய்ச்சலின் விளைவு என அரசு கூறிற்று. 2001ஆம் ஆண்டில் பெல், டேவிசு என்னும் அறிஞர் அப்பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து, காய்ச்சலால் அவ்வளவு இறப்பு நேர்ந்திருத்தல் இயலாது எனவும், புகைப்பனியோடு தொடர்புடைய இறப்புக்கள் 12,000 வரை இருக்கலாம் எனவும் நிறுவினர்.

புகை உள்ளே செய்வது யாது?

மூச்சுக்குழாய் மரத்தைத் தலைகீழாக நிறுத்தினாற் போன்று கிளைத்துக் கிளைத்துச் சென்று, கோடிக்கணக்கான சிற்றறைகளில் முடிகின்றது. அச்சிற்றறைகளின் மெல்லிய சுவரினூடாகவே ஒட்சிசன் குருதியிற் கலக்கின்றது. இவ்வழியைக் காப்பதற்கு இயற்கை பல காவலரை வைத்துள்ளது. பருத்த தூசை மூக்கு தடுக்கின்றது. அதனைத் தாண்டியவற்றைக் குழாய்களின் உட்புறத்துள்ள சளிப்படை பற்றுகின்றது. பிசிர்கள் எனப்படும் நுண்மயிர்கள் ஓயாது அசைந்து அச்சளியை மேலே தள்ளுகின்றன. ஆயின், மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்காகிய மைக்கிரோனில் 2.5க்குக் குறைந்த நுண்துகள்கள் இக்காவல்களைக் கடந்து சிற்றறைகளையே அடைகின்றன. அங்கு அவற்றை விழுங்குங் கலங்கள் எதிர்க்கின்றன. எதிர்ப்பு இடையறாது நிகழின் அதுவே அழற்சியாக நிலைத்துவிடுகின்றது.

கந்தகவீரொட்சைட்டு தனித்து வருங்கால் மேற்குழாய்களின் ஈரத்திலேயே பெரிதும் கரைந்துவிடும். துகளிலும் பனித்துளியிலும் ஏறி வருங்கால் ஆழத்துக்குச் செல்லும். அதனாற் குழாய்த் தசைகள் சுருங்கும், சளி பெருகும், பிசிர்கள் சோரும். நலமுள்ளவன் இருமித் தப்புவான். குழாய் முன்னரே ஒடுங்கியவனுக்கோ எஞ்சியிருந்த சிறு வழியும் அடைபடும். ஒட்சிசன் குறைய இதயம் தளரும். 1952ஆம் ஆண்டில் நெஞ்சுநோயாளரோடு இதயநோயாளரும் இறந்தமைக்குக் காரணம் இதுவே. அந்நாளில் இறந்தோர் சிலரின் நுரையீரற் கூறுகள் இலண்டன் வைத்தியசாலையொன்றிற் பேணப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை, கரித்துகளும் உலோகத் துகள்களும் அவற்றுட் படிந்திருந்தமையைக் காட்டியது.

சட்டமும் சான்றும்

நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக அசையாத அரசு அப்பொழுதும் எளிதில் அசையவில்லை. பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் எழுந்த நெருக்குதலால், 1953ஆம் ஆண்டில் சேர் ஹியூ பீவர் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அக்குழு 1954ஆம் ஆண்டில் இறுதியறிக்கை வெளியிட்டு, நாட்டின் புகையில் ஏறக்குறையப் பாதி வீட்டுக் கணப்படுப்புக்களிலிருந்தே எழுகின்றது என்பதை ஐயமற உரைத்தது. ஜெறல்ட் நபரோ என்னும் உறுப்பினர் தனிப்பட்ட மசோதாவொன்றைக் கொணரவே, அரசு தானே சட்டமியற்ற இசைந்தது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளை வகுக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சிச் சபைகளுக்கு அளித்தது. அடுப்பை மாற்றும் செலவிற் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. முன்னைய ஆணைகள் தடுத்தன. இச்சட்டமோ தடுத்ததோடு மாற்றுவழியையும் கொடுத்தது. இதன் வெற்றிக்குக் காரணம் இதுவேயாகும். 1962ஆம் ஆண்டு டிசெம்பரில் மீண்டும் கொடிய புகைப்பனி தோன்றிப் பல நூறு பேரைக் கொன்றது எனினும், 1952ஆம் ஆண்டின் அழிவு திரும்பவில்லை. வடகடலிற் கிடைத்த இயற்கை வாயுவும் பின்னர் கரியின் இடத்தைப் பற்றியது.

இக்காலத்திலேயே நகரத்தின் காற்றை மனிதனின் மூச்சினால் அளக்கும் ஆராய்ச்சி வளர்ந்தது. பற்றிக் லோதர் என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவரும் இலண்டன் நெஞ்சுநோயாளர்க்குச் சிறு குறிப்பேடுகளைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் தம் நோய் மிகுந்ததோ, குறைந்ததோ, முன்போன்றதோ எனக் குறிக்கச் செய்தனர். புகை மிகுந்த நாட்களில் நோயும் மிகுந்தமை அவ்வேடுகளால் வெளிப்பட்டது. 1965ஆம் ஆண்டில் ஹொலன்ட், றீட் என்னும் இருவர் தபாற் பகுதி வண்டிச் சாரதிகளை ஆராய்ந்தனர். இலண்டனிலும் நாட்டுப்புற நகரங்கள் மூன்றிலும் ஒரே தொழிலைச் செய்த அவர்களை ஒப்பிட்டபொழுது, இலண்டன் சாரதிகளிடத்தே சளி மிகுதியாயும் மூச்சாற்றல் குறைவாயும் இருந்தமை தெரிந்தது. சிகரெட்டுப் பழக்கத்தைக் கணக்கிற் கொண்டபின்னரும் அவ்வேறுபாடு நீங்கவில்லை. சிகரெட்டே நோய்க்குக் காரணம், நகரக் காற்றன்று எனச் சாதித்தோர்க்கு இது தக்க விடையாயிற்று. 1966ஆம் ஆண்டில் டக்ளஸ், வோலர் என்போர், 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பிறந்த குழந்தைகளின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கி, மாசு மிகுந்த பகுதிகளில் வளர்ந்தோர்க்கு நெஞ்சினுள் இறங்கும் நோய்கள் மிகுதி என நிறுவினர்.

கண்ணுக்குத் தோன்றாத புகை

இலண்டன் வானம் தெளிந்தது. கரிபடிந்த கட்டடங்கள் கழுவப்பட்டு வெண்மை பெற்றன. புகையின் வரலாறு முடிந்தது எனப் பலர் எண்ணினர். ஆயினும், அடுப்பின் இடத்தை மோட்டார் வண்டி பற்றிக்கொண்டது. காபனீரொட்சைட்டு மிகுதலால் உலகம் வெப்பமடைகின்றது என்னும் அச்சத்தால், 2001ஆம் ஆண்டிலிருந்து பிரித்தானிய அரசு வண்டி வரியை அவ்வாயுவின் அளவுக்கேற்ப விதித்தது. அதனால் டீசல் வண்டிகள் பெருகின. அவற்றிலிருந்து நைதரசனீரொட்சைட்டும் நுண்துகளும் பெருகின. ஒரு தீங்கை விலக்கச் செய்த முயற்சி மற்றொன்றை வளர்த்தது.

இப்புதிய மாசு கண்ணுக்குத் தோன்றாது. ஆயினும் மூச்சளவு அதனைக் காட்டியது. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆறு நகர ஆய்வு, மாசு மிக்க நகரில் இறப்பு வீதம் தூய நகரினும் நூற்றுக்கு 26 வீதம் மிகுதி எனக் கூறிற்று. 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தொய்வு நோயுள்ள அறுபது பேர் ஒரு நாள் இலண்டன் ஒக்ஸ்போட் வீதியிலும் பிறிதொரு நாள் ஹைட் பூங்காவிலும் இரண்டு மணி நேரம் உலாவினர். டீசல் வண்டிகள் நிறைந்த வீதியில் உலாவியபின் அவர்களின் முதற் செக்கன் மூச்சளவு நூற்றுக்கு 6 வீதம் வரை குறைந்தது. பூங்காவில் நேர்ந்த குறைவு அதனினும் சிறிது.

குழந்தைகளைப்பற்றிய சான்று இவற்றினும் கவலைக்குரியது. நுரையீரல் பிறப்புமுதல் இருபது வயதளவும் வளர்ந்து, பின் சிறிது சிறிதாக ஆற்றல் குன்றும் இயல்பினது. இளமையில் எவ்வளவு சேமிக்கப்பட்டதோ அவ்வளவே முதுமைக்கு முதலாகும். தென் கலிபோர்னியாவிற் பத்து வயதுமுதல் பதினெட்டு வயதுவரை பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. நுண்துகள் மிக்க ஊரில், உரிய மூச்சளவின் நூற்றுக்கு 80 வீதத்தையும் எட்டாதோர் 7.9 வீதமாயிருக்க, தூய ஊரில் அத்தகையோர் 1.6 வீதமேயாவர். இலண்டனில் 2009ஆம் ஆண்டுமுதல் 2014ஆம் ஆண்டுவரை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை அளந்த ஆய்வும், வண்டிப் புகை மிக்க இடங்களில் நுரையீரற் கொள்ளளவு ஏறக்குறைய 5 வீதம் குறைந்திருத்தலைக் கண்டது. 2008ஆம் ஆண்டிற் கொணரப்பட்ட வண்டிக் கட்டுப்பாடு காற்றைச் சிறிதளவே திருத்தியமையால், பிள்ளைகளின் மூச்சு திருந்தவில்லை. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில், தென்கிழக்கு இலண்டனில் நெடுஞ்சாலையோரம் வாழ்ந்து 2013ஆம் ஆண்டில் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என மரண விசாரணையதிபர் தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் அத்தகைய தீர்ப்பு அதுவே முதன்முறை. கடுமையான வண்டிக் கட்டுப்பாடு 2019ஆம் ஆண்டில் நகர நடுவில் தொடங்கி, 2023ஆம் ஆண்டில் மாநகர் முழுவதற்கும் விரிந்தது.

இவற்றுக்கிடையே நம்பிக்கைக்கும் இடமுண்டு. தென் கலிபோர்னியாவின் காற்றுத் தூய்மையடைந்தபின், அடுத்தடுத்து வளர்ந்த மூன்று தலைமுறைப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினைந்து வயதில் மூச்சளவு குன்றியிருந்தோரின் வீதம் 7.9இலிருந்து 6.3ஆகவும், பின்னர் 3.6ஆகவும் தாழ்ந்தது. காற்றைத் திருத்தின் மூச்சு திருந்தும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

அறிவு முந்தியும் செயல் பிந்தியும் நின்றதற்குரிய காரணங்கள் இவ்வரலாற்றால் விளங்கும். முதலாவது, மனிதர் செய்த புகையை இயற்கையின் பனியென மயங்கியமை. இரண்டாவது, குற்றம் ஆலைக்காரனுடையது, தம்முடையதன்று என ஒவ்வொருவரும் கருதியமை. மூன்றாவது, தீங்கை எண்ணாற் காட்டும் அளவை நெடுங்காலம் இல்லாமை. நான்காவது, வறியோர்க்கு மாற்றுவழி காட்டாது தடையை மட்டும் விதித்தமை. இந்நான்கும் நீங்கியபொழுதே சட்டம் பயன் தந்தது.

இப்பாடம் இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. வெளிக்காற்றின் மாசினால் 2019ஆம் ஆண்டில் 42 இலட்சம் மக்கள் காலத்துக்கு முன் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனம், ஒரு கன மீற்றர் காற்றில் நுண்துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. முன்னைய வரையறை 10 ஆகும். ஈழத்திலும் விறகடுப்பே எரியும் வீடுகள் பல. சாளரம் சிறுத்த அடுக்களையிற் புகை சூழ நின்று சமைக்கும் தாயும், அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையும் உயிர்க்கும் காற்றில் அதே நுண்துகளே நிறைந்துள்ளது. அடுக்களைப் புகை வாழ்வோடு ஒன்றிய வழக்கம், அதனை நோயென்பது மிகை எனக் கூறுவோர், தம் கணப்படுப்பைக் காத்த இலண்டன் மக்களின் சொற்களையே மீளவும் கூறுகின்றனர். அங்கே அச்சொற்களுக்கு விடைபகர எழுநூறு ஆண்டு சென்றது. புகைபோக்கியும் நல்லடுப்பும் அமைக்க இங்கே அத்துணைக் காலம் வேண்டுவதில்லை.